மெல்லோட்டம்: தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

ஓட்டம் என்றதும் நம்முள் பெரும்பாலோர்க்கு நினைவிற்கு வருவது பள்ளி விளையாட்டு விழாவேயாகும். சுண்ணாம்புக் கோடு போட்ட திடல்; ஆசிரியர் ஊதும் விசில்; மூச்சைப் பிடித்துப் பாயும் நால்வர்; அவர்களுக்கு எவர்சில்வர் தட்டு. எஞ்சிய நானூறு பேரும் வேப்பமர நிழலில் அமர்ந்து கைதட்டினோம். ஓட்டம் என்பது வேகம், வேகம் இல்லாதவனுக்கு ஓட்டத்தில் பங்கில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்வில் ஓட்டத்தைப் பற்றி நாம் கற்றது இவ்வளவே. உடல்நூல் சொல்வது வேறு. வயது வந்தபின் ஓடத் தொடங்குவோர்க்கு மெல்ல ஓடுதலே வாயில் என்று அது கூறுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்குகிறவன் ஓட்ட வீரன் அல்லன் என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். நான் உயிர்வேதியியல் பயிலும் முதுகலை மாணவன். இருபத்திரண்டு வயது வரை, புறப்படுகிற பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியதில்லை. அடுத்த வண்டி வரும் என்று நிற்பவன். இப்பொழுது வாரத்தில் மூன்று நாள் ரவீந்திர சரோவரின் கரையில் ஓடுகிறேன். ஓடாத வாரம் உப்பில்லாத வாரமாகத் தோன்றுகிறது.

தொடங்கியது ஆர்வத்தால் அன்று, அச்சத்தால். என் தந்தையார் நெல்லைப் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர். இருபத்தெட்டு ஆண்டுகள் சக்கரத்தின் முன் அமர்ந்தவர். சென்ற ஆண்டு, ஐம்பத்திரண்டாவது வயதில், அவருக்கு மாரடைப்பு வந்தது. செய்தி கிடைத்தபொழுது நான் ஆய்வகத்தில் இருந்தேன். ஊர் போய்ச் சேர இரண்டு இரவு இரயிலில் கழிந்தன. தந்தையார் பிழைத்துக்கொண்டார். கொல்கத்தாவிற்குத் திரும்பியதும் நான் முதலில் தேடிப் படித்த கட்டுரை, பேருந்து ஓட்டுநரின் இதயத்தைப் பற்றியது.

அக்கட்டுரையை மருத்துவ உலகில் அறியாதார் இல்லை. லண்டன் நகரின் இரட்டை மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தவரை ஜெரமி மாரிஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1953இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பவர். நடத்துநரோ மாடிப்படியை ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுப்பவர். நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள். இருவர்க்கும் ஒரே வண்டி, ஒரே சாலை, ஏறத்தாழ ஒரே வாழ்க்கைத் தரம். ஆயினும் நடத்துநரிடையே இதயக் குருதிக்குழாய் நோய் குறைவாக இருந்தது. வந்தபொழுதும் பிந்திய வயதில், கடுமை குறைந்து வந்தது. உடல் உழைப்பு இதயத்தைக் காக்கிறது என்னும் கருத்திற்குக் கணக்கு வழியே கிடைத்த முதற்சான்றுகளுள் இஃது ஒன்று.

மாரிஸ் குழுவினரின் நேர்மைக்கு ஒரு சான்று கூறவேண்டும். 1956இல் அவர்களே பேருந்துப் பணியாளரின் சீருடைக் கணக்கைப் புரட்டிப் பார்த்தனர். இளம் ஓட்டுநர்க்கே, அதே வயது நடத்துநரைக் காட்டிலும் கால்சட்டையின் இடுப்பளவு பெரிதாக இருந்தது! ஆகவே பெருமை முழுவதையும் படிக்கட்டிற்கே கொடுத்துவிட முடியாது என்பது புலனாயிற்று. பின்னர்ப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அடிப்படைக் கருத்தை உறுதிப்படுத்தின. மாரிஸ் 2009இல், தம் தொண்ணூற்றொன்பதாவது வயதில் காலமானார். நம் ஊர் நடத்துநர் படி ஏறுவதில்லை, கூட்டத்தில் நீந்துகிறார். அதனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எவரேனும் ஆராயலாம்.

என் தந்தையார் அமர்ந்தது பேருந்தில். நான் அமர்ந்திருப்பது ஆய்வக நாற்காலியில். வேறுபாடு அவ்வளவுதான் என்று தோன்றியது. மறு வாரமே சரோவருக்குப் புறப்பட்டேன்.

அங்கே காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்த என்னைக் கண்டு, நடைபயில வந்த முதியவர் ஒருவர் நின்றார். எழுபதைத் தாண்டியவர், எல்லாரும் அவரைத் ‘தாது’ என்று அழைக்கின்றனர், வங்காளத்தில் பாட்டனார் என்பது பொருள். “புதிதா?” என்றார். ஆம் என்றேன். “ஆஸ்தே, ஆஸ்தே” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்நகரில் ஒரு மாதம் இருந்தவர்க்கும் இச்சொல்லின் பொருள் தெரியும். பெண்கள் இறங்கும்பொழுது நடத்துநர் வண்டியின் பக்கத்தைத் தட்டி ஓட்டுநரை நோக்கிக் கூவுவது இதுவே: மெல்ல, மெல்ல. ஓட்டக் கலையின் முதற்பாடம் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது. இனி அதன் காரணத்தைப் பார்ப்போம்.

ஓடத் தொடங்குவோர் எல்லாரும் கூறும் குறை ஒன்றே: “இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது, எனக்கு இது ஒத்துவராது.” விடுதி மாணவர்க்கு விளங்குமாறு சொல்வதாயின், தசையின் வரவு செலவு நம் வரவு செலவைப் போன்றது. தசை சுருங்குவதற்கு ஏ.டி.பி. என்னும் பொருள் வேண்டும். அது சட்டைப்பையில் உள்ள சில்லறை. முழு வேகத்தில் இரண்டு மூன்று விநாடிக்குமேல் தாங்காது. அடுத்துக் கிரியேட்டின் பாஸ்பேட்டு உதவுகிறது. அது பக்கத்து அறை நண்பனிடம் வாங்கும் கைமாற்று. பத்து விநாடிக்குள் அதுவும் தீரும். மூன்றாவதாக, உயிர்வளியின் துணையின்றிச் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறும் வழி. இது தெருமுனைக் கடையின் கடன் கணக்கு. கேட்டவுடன் கிடைக்கும், ஆனால் ஓரிரு நிமிடம் முழு வேகத்தில் ஓடினாலே கடைக்காரர் முகம் மாறும். நான்காவது, உயிர்வளியின் துணையால் சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கும் வழி. இஃது உதவித்தொகை, தொகை பெரிது, மணிக்கணக்கில் வரும், ஆனால் உரிய நேரத்தில் வாராது! நுரையீரலும் இதயமும் விழித்தெழுந்து தசைக்கு வேண்டிய உயிர்வளியைக் கொண்டு சேர்க்க இரண்டு மூன்று நிமிடம் ஆகின்றது.

ஆகவே முதல் சில நிமிடங்களின் துன்பம் எல்லார்க்கும் பொது. வேகமாகத் தொடங்கினால் உதவித்தொகை வருமுன் கடன் பெருகிவிடும். மெல்லத் தொடங்கினால் கடன் சிறிதாக இருக்கும்பொழுதே வரவு வந்துவிடும். அதன்பின் வரவும் செலவும் சமமாகி ஓட்டம் நிலைபெறும். இந்த நிலைபெற்ற ஓட்டத்தை அளந்தவருள் முதன்மையானவர் ஏ. வி. ஹில். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக 1922ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசைப் பெற்றவர். மான்செஸ்டரில் தம் முதுகில் ஒரு பையைக் கட்டிக்கொண்டு, புல்தரையில் தாமே சுற்றிச் சுற்றி ஓடி, வெளிவிட்ட மூச்சைப் பையில் பிடித்து அளந்தார். நோபல் பரிசு பெற்றவரே ஓடினார் எனின், நாம் வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

ஓர் இடைக்குறிப்பு. தசை வலிக்கெல்லாம் லாக்டிக் அமிலமே காரணம் என்று பள்ளியில் எழுதி மதிப்பெண் பெற்றோம். அக்கருத்து இன்று நிற்கவில்லை. தசையில் தோன்றும் லாக்டேட்டை இதயமும் பிற தசைகளும் எரிபொருளாகக் கொள்கின்றன என்பதைக் கலிபோர்னியாவின் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலிருந்து விளக்கி வந்திருக்கிறார். மறுநாள் வரும் வலி, பழக்கமில்லாத உழைப்பால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவின் விளைவு.

“மெல்ல ஓடினால் பயனும் குறையுமே?” என்று நண்பர் கேட்கலாம். 1963இல் இத்தாலிய உடல்நூல் அறிஞர் ரொடால்போ மார்கேரியாவும் துணைவரும் வெளியிட்ட அளவீடு இதற்கு விடை தருகிறது. சமதரையில் ஓடுகிறவர், உடல் எடையில் ஒரு கிலோவிற்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ கலோரி செலவிடுகிறார். இதில் வியப்பு யாதெனின், வேகம் கூடினாலும் குறைந்தாலும் இத்தொகை பெரிதும் மாறுவதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டரை 25 நிமிடத்தில் ஓடினாலும் 300. 40 நிமிடத்தில் ஓடினாலும் 300. வேகமாக ஓடுபவர் சீக்கிரம் செலவு செய்கிறார், அவ்வளவே. இக்கணக்கைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லி முடியாது.

எவ்வளவு மெல்ல ஓடவேண்டும்? பேசிக்கொண்டே ஓட முடிந்தால் வேகம் சரி என்பது பயிற்சியாளர் பலரும் கூறும் அளவுகோல். நான் அதனைத் தமிழாக்கி வைத்திருக்கிறேன். ஒரு குறளை, ஏழு சீரையும், நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் பொருத்தம். நான்காம் சீரில் மூச்சு முட்டினால் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓர் அதிகாரம் முழுவதும் பாட முடிந்தால் சற்றுக் கூட்டலாம். ஆனால் கூட்டவேண்டிய கட்டாயம் ஒன்றுமில்லை.

இதனைத் தொலைபேசியில் தந்தையாரிடம் சொன்னேன். அதற்கு முன் அவர் கேட்டது, “ஏலே, எதுக்குலே ஓடுதே? யாரும் வெரட்டுதாங்களா?” என்பதே. இப்பொழுது மருத்துவர் இசைவோடு அவரும் நாள்தோறும் அரைமணி நேரம் வாய்க்கால் கரையில் நடக்கிறார். குறளுக்குப் பதிலாகப் பழைய வழித்தடத்தின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறாராம். எங்கே மூச்சு வாங்கியது என்று ஊர்ப் பெயரைச் சொல்லித் தெரிவிக்கிறார். சென்ற மாதம் நான்கு நிறுத்தம் முன்னேறியிருக்கிறார்.

இனிப் பயிற்சி முறை. முதல் இரண்டு வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இவ்வாறு எட்டு முறை, வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளேனும் ஓய்வு. பிறகு ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி நடையைக் குறைக்கலாம். நடப்பது இழுக்கு என்று எண்ணற்க. பத்தாவது வாரத்தில் நான் 20 நிமிடம் நில்லாமல் ஓடினேன். ஐந்தாம் மாதத்தில் 5 கிலோமீட்டர், 40 நிமிடம். தாது நடக்கிற வேகத்திற்கும் என் வேகத்திற்கும் வேறுபாடு காண நல்ல கண்ணாடி வேண்டும். ஆயினும் அன்று மாலை இயற்பியல் துறை நண்பனிடம் மூன்று முறை அதைச் சொன்னேன். நான்காம் முறை அவன் எழுந்து போய்விட்டான்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக வேண்டுவது. உடலின் உறுப்புகள் யாவும் ஒரே வேகத்தில் பயிற்சி பெறுவதில்லை. குருதியின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே பெருகத் தொடங்கும். தசையில் நுண்குழாய்கள் கிளைக்கச் சில வாரம் ஆகும். எலும்பும் தசைநாணும் உறுதிப்படவோ மாதங்கள் வேண்டும். எலும்பு தன்னைப் புதுப்பிக்கும் முறை, பழைய வீட்டைச் செப்பனிடுவது போன்றது. முதலில் பழஞ்சுவரைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. ஓடும்பொழுது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நெஞ்சு “இன்னும் ஓடு” என்று சொல்லும் காலத்தில், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு பாதி இடித்த சுவராக இருக்கலாம். மூன்றாம் மாதத்தில் உற்சாகம் மிகும். பலர் காயம்படுவதும் அப்பொழுதே. தசை முழுவதும் பரவிய நோவு இயல்பானது. எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலி நிலைத்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் இருப்பவரும், குடும்பத்தில் இளவயதில் இதயநோய் உடையவரும் தொடங்குமுன்பே பார்த்துவிடுவது நலம். நானும் பார்த்துவிட்டே தொடங்கினேன்.

விருப்பம் எப்பொழுது பிறந்தது? நாள் குறித்துச் சொல்ல இயலவில்லை. ஆறு ஏழு வாரங்களுக்குப் பிறகு, கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்திருந்தேன். 1967இல் ஜான் ஹாலோசி என்னும் அமெரிக்க அறிஞர் எலிகளை வாரக்கணக்கில் ஓடச்செய்து, அவற்றின் தசையில் மைட்டோகாண்டிரியாவின் உயிர்வளி எரிக்கும் திறன் ஏறத்தாழ இருமடங்கானதைக் கண்டார். தசைக்குள்ளேயே அடுப்புகள் பெருகுகின்றன என்க. அடுப்பு பெருகவே, முன்பு கடன் வாங்கி ஓடிய அதே வேகம் இப்பொழுது வரவுக்குள் அடங்கிவிடுகிறது. காலையில் எழுந்தவுடன் எண்ணும் என் நாடித்துடிப்பு 84இலிருந்து 68க்கு இறங்கியிருக்கிறது. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் குருதியின் அளவு கூடியிருக்கிறது என்பது பொருள்.

ஓடியபின் தோன்றும் அமைதிக்கு எண்டார்பின் காரணம் என்று பலரும் கூறுவர். ஜெர்மானிய ஆய்வாளர் 63 பேரை ஓடவும் நடக்கவும் செய்து 2021இல் வெளியிட்ட முடிவு வேறாக உள்ளது. எண்டார்பினின் செயலைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபின்னரும் ஓடியவர்க்கு அந்த இன்பம் குன்றவில்லை. இரத்தத்தில் எண்டோகன்னபினாய்டு என்னும் பொருள்கள் மிகுந்திருந்தன; எனவே ஐயம் இப்பொழுது அவற்றின்மேல் திரும்பியிருக்கிறது. அவ்வகைப் பொருள்களுள் ஒன்றை 1992இல் இஸ்ரேலில் கண்டறிந்தவர்கள், ‘ஆனந்தம்’ என்னும் வடசொல்லைக் கொண்டே அதற்கு ‘அனந்தமைடு’ எனப் பெயரிட்டனர்.

வேதியியல் ஒருபுறம் இருக்க, வெளியூரிலிருந்து வந்தவனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓராண்டு இந்நகரில் நான் விடுதி, ஆய்வகம், உணவகம் என்னும் முக்கோணத்துள் வாழ்ந்தேன். என்னைப் பெயர் சொல்லி அழைத்தவர் வகுப்பிற்கு வெளியே ஒருவரும் இல்லை. சரோவரில் மூன்றாம் மாதத்திலேயே மீன் பிடிப்பவர், துடுப்புப் படகுச் சங்கத்துக் காவலர், சிரிப்புப் பயிற்சி செய்யும் மூதாட்டியர் எல்லாரும் என்னை அறிந்துவிட்டனர். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் காரணம் சொல்லவேண்டும். அதையும் வங்காளத்தில் சொல்லவேண்டும். என் வங்காளம் முழுவதும் மூச்சு வாங்கும் வங்காளம். சிறு சிறு வாக்கியம். ஆனால் பிழைப்பிற்குப் போதும்.

இடத்தைப் பற்றிச் சில சொற்கள். சரோவர் இயற்கை ஏரி அன்று; 1920களில் நகர மேம்பாட்டு அமைப்பினர் தோண்டியது. டாகுரியா ஏரி என்றிருந்து, 1958இல் ரவீந்திரர் பெயர் பெற்றது. மரநிழல் உண்டு, வண்டி இல்லை. வடக்கே இருப்பவர்க்கு மைதானம் இருக்கிறது. வில்லியம் கோட்டையின் பீரங்கிக்குத் தடை இருத்தல் ஆகாது என்று கும்பினியார் காட்டை வெட்டி வெளியாக்கிய நிலம் அது. குண்டு பாய்வதற்கென ஒதுக்கிய வெளியில் இன்று ஆடும் மேய்கிறது, நாமும் ஓடுகிறோம்.

காலநிலைதான் இங்கே பெரிய ஆசிரியர். மேலே சொன்ன 300 கிலோ கலோரியில் முக்கால் பங்கிற்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 0.58 கிலோ கலோரி வெப்பம் நீங்கும். ஆக 5 கிலோமீட்டருக்கு 400 கிராம் வியர்வை போதும். ஆனால் ஆவியாகும் வியர்வையே உடலைக் குளிர்விக்கும். சொட்டும் வியர்வை சட்டையை நனைப்பதன்றி வேறொன்றும் செய்யாது. மே, ஜூன் மாதக் கொல்கத்தாவின் ஈரக் காற்றில் பெரும்பகுதி சொட்டியே போகிறது. எனவே அம்மாதங்களில் வேகத்தைப் பின்னும் குறைத்து, விடியற்காலையில் முடித்துவிட வேண்டும். அதற்கு இயற்கையே உதவுகிறது. ஜூன் மாதத்தில் நெல்லையில் ஞாயிறு எழும்பொழுது மணி ஏறத்தாழ ஆறு. இங்கே ஐந்திற்கு முன்னரே எழுந்துவிடுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் வைத்ததன் பயன் இது.

குளிர்காலத்திற்கு மாறான அறிவுரை. டிசம்பர், ஜனவரியில் தரையை ஒட்டிக் குளிர்காற்று தங்கிவிடுவதால் புகை மேலெழாமல் காலைப் பனியோடு கலந்து நிற்கும். ஓய்வில் நிமிடத்திற்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்வாங்கும் நாம், மெல்லோட்டத்தில் 40 லிட்டருக்கும் மேல் வாங்குகிறோம். புகை அடர்ந்த நாளில் வெயில் ஏறியபின் ஓடலாம், அல்லது படுத்துறங்கலாம். பின்னதையே நான் பெரும்பாலும் பின்பற்றுகிறேன்.

வயது ஆகிவிட்டது என்று எண்ணும் மூத்த மாணவர்க்கு இரு பெயர் சொல்வேன். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்த மா. சுப்பிரமணியன், விபத்தில் முழங்கால் அடிபட்டவர். ஐம்பதைக் கடந்தபின் ஓடத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட அரை மராத்தான்களை ஓடி முடித்தவர். பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய பௌஜா சிங், மகனை இழந்த துயரத்தை ஆற்றிக்கொள்ள எண்பத்தொன்பதாம் வயதில் மராத்தானுக்கு வந்தவர். 2011இல், நூறாவது வயதில், டொராண்டோவில் முழு மராத்தானை ஓடினார்; பிறப்புச் சான்று இல்லாமையால் கின்னஸ் ஏடு அதனை ஏற்கவில்லை. 2025இல் சாலை விபத்தில் அவர் மறைந்தார்.

நம் நகரிலேயே 2014 முதல் டிசம்பர் மாதத்தில் ரெட் ரோடிலிருந்து 25 கிலோமீட்டர் ஓட்டம் நடந்து வருகிறது. 2023இல் கென்யாவின் டேனியல் எபென்யோ 1 மணி 11 நிமிடம் 13 விநாடியிலும், எத்தியோப்பியாவின் சுட்டுமே கெபேதே என்னும் பெண்மணி 1 மணி 18 நிமிடம் 47 விநாடியிலும் ஓடி அத்தொலைவிற்கு உலகிலேயே சிறந்த நேரங்களைப் பதித்தனர். சென்ற டிசம்பரில் அதனோடு சேர்ந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் நானும் ஓடினேன். எனக்கு ஆன நேரம் 1 மணி 19 நிமிடம். கெபேதே அம்மையார் 25 கிலோமீட்டரை முடித்த நேரத்தில் நான் பத்தைக்கூட முடிக்கவில்லை. ஆயினும் மார்கேரியாவின் கணக்குப்படி, கிலோமீட்டருக்கு நான் செலவிட்டதும் அவர் செலவிட்டதும் ஏறத்தாழ ஒன்றே!

விடுதியிலிருந்து இப்பொழுது நால்வர் செல்கிறோம். திங்கள், புதன், சனி; காலை 5.15 மணிக்கு விடுதி வாயிலில் கூடலாம். விலை மிகுந்த காலணி வேண்டியதில்லை. காலுக்குப் பொருந்தியதாய், அடி தேயாததாய் இருந்தால் போதும். மழைக்காலத்தில் பாசி வழுக்கும். அப்பொழுது நடை மட்டுமே. ஓடி முடித்ததும் லேக் மார்க்கெட் பக்கம் போய்க் காப்பி அருந்துவது வழக்கம். எங்கள் வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம். அதற்குமேல் விரைந்து ஓட விரும்புவோர் முன்னே சென்று காப்பிக் கடையில் இடம் பிடித்து வைக்கலாம்.